பிள்ளையார்பாளையத்து லைக் மொய்

பேனாவின் மூடியைப் பிரேம்நாத்தே கழற்றிக் கொடுத்தான். அவனுடைய அவசரம் அதிலேயே தெரிந்துவிட்டது.

"இங்க ஒண்ணு, பின் பக்கத்துல ஒண்ணு. அவ்ளோதான் காந்தாக்கா. அப்புறம் நீ பாட்டுக்குக் காலை நீட்டிக்கினு டி.வி. பாக்கலாம்."

காந்தா அத்தை மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பேனாவை வாங்கினாள். கல்லாவுக்குப் பின்னால் மருமகள் சங்கீதா நின்றிருந்தாள்.

அந்தக் கையெழுத்து மட்டும் விழுந்துவிட்டால் கதை முடிந்தது. வீட்டிலுள்ள தறிகள் மூன்றும் இனி பிரேம்நாத்தின் ஷோரூமுக்கு மட்டும்தான் ஓடும். புடவையில் அவன் கடை முத்திரை. வாசலில் தொங்கும் 'குமரகுரு பட்டு' என்ற போர்டு பரணுக்குப் போய்விடும். அந்தப் போர்டை நம்பித்தான் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மாமியாரோடு கடையில் உட்கார்ந்திருந்தாள் சங்கீதா.

பிரேம்நாத்தையும் குறை சொல்ல முடியாது. பஸ் ஸ்டாண்டில் இறங்கும் கல்யாணக் கோஷ்டிகளை ஆட்டோக்காரர்கள் கமிஷன் கிடைக்கிற கடை வாசலில்தான் இறக்கினார்கள். பிள்ளையார்பாளையத்துச் சந்துக்குள் இப்படி ஒரு கடை இருப்பது பக்கத்துத் தெரு பூனைக்குத் தெரியும். பட்டு வாங்க வருகிறவர்களுக்குத் தெரியாது.

பேனா முனை காகிதத்தைத் தொடப் போனது.

"அத்தை! ஒரு மாசம்!"

பேனா அந்தரத்தில் நின்றது. "இன்னாம்மா ஒரு மாசம்?"

"ஒரு மாசம் டைம் குடுங்க. கூகுள்ல 'காஞ்சிபுரம் முகூர்த்தப் புடவை'ன்னு தேடினா, முதல் பக்கத்துல நம்ம கடை வரணும். வர வெக்கிறேன். வரலன்னா நானே பேனா மூடியைத் திறந்து உங்க கையில தர்றேன்."

பிரேம்நாத் சிரித்தான். "மருமவப் பொண்ணு வெவரந்தான். ஆனா அந்தப் பக்கத்துல எங்க கடை உக்காந்துக்கினு இருக்குதும்மா. உங்க கடை எங்க இருக்குதுன்னு பாத்தியா?"

பார்த்திருந்தாள். ஆறாவது பக்கத்தில், 'பட்டுப் புடவையை வீட்டிலேயே துவைப்பது எப்படி' என்ற கட்டுரைக்குக் கீழே இருந்தது.

காந்தா அத்தை மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மூடியைப் பேனாவில் அழுத்தினாள்.

"பிரேமு, ஒரு மாசம் கழிச்சு வாப்பா. எங்கூட்டுப் பொண்ணு கேக்குது."

"வர்றேன்க்கா. இதே பேனாவோட வர்றேன்." காகிதத்தைக் கல்லா மேலேயே விட்டுவிட்டுப் போனான்.

அன்று மதியமே சங்கீதா வேலையைத் தொடங்கினாள். தறிக்குழிக்குள் போனைச் சாய்த்து வைத்து, புருஷன் வேல்முருகன் மிதிக்கும் காலைப் படம் பிடித்தாள்.

"என் காலை எதுக்குப் புடிக்கிற? மூஞ்சி நல்லா இல்லியா?"

"மூஞ்சி எனக்கு இருக்கட்டும். ஊருக்குக் கால் போதும்."

நல்ல ரீல்தான். கால் மிதிக்க, நூல் கோத்த நாடா குறுக்கே பறக்க, அரக்குக் கரையில் ஜரிகை மினுங்கியது. மூன்று நாள் கழித்து அத்தை கேட்டாள். "எத்தன பேரு வந்தாங்க?"

"பதினோரு லைக் அத்தை."

"யாரு யாரு?"

"நான், அவரு, என் தங்கச்சி, அவ பிரெண்ட்ஸு..."

"அடப்பாவமே! ஒரு மஞ்சத்தண்ணி விசேஷத்துக்கே நம்ம வூட்ல மண்டபம் நெறையும். பதினோரு பேரா? நீ யாருக்குமே சொல்லலியா?"

"இதுக்கெல்லாம் சொல்ல மாட்டாங்க அத்தை. அவங்களா பாக்கணும்."

"சொல்லாம எவன் வருவான்?" என்றாள் காந்தா அத்தை.

சங்கீதா இதைக் காதில் வாங்கவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது.

மறுநாள் அவள் ஜரிகை வாங்கப் போய்விட்டுத் திரும்பியபோது அத்தை போனும் கையுமாக நடந்துகொண்டிருந்தாள். சேலை முந்தி இடுப்பில் ஏறியிருந்தது. குரல் தெருமுனை வரை கேட்டது.

"முனிசாமி அண்ணே, உன் பேத்தி காது குத்துக்கு நாங்க வந்து எழுதினோமா இல்லியா? இப்ப எங்கூட்டு முறை. ஆமா, லைக்குதான். கீழ பேரு, ஊரு, முறை எல்லாம் வெவரமா எழுதணும். நாளைக்கு நான் திருப்பிச் செய்யணும்ல? யாரு எழுதினான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

சங்கீதா பதறிப்போய் போனைத் திறந்தாள். ரீலுக்குக் கீழே கருத்துகள் வரிசை கட்டி நின்றன.

'மாகறல் முனிசாமி, பெரிய மச்சான் முறை. லைக் ஒண்ணு.'

'தாமல் வீராசாமி, அம்சா தம்பதியர். லைக் ரெண்டு. ரெண்டாவது வீட்டுக்காரம்மா போன்ல இருந்து.'

'திருமுக்கூடல் கிருஷ்ணம்மாள். லைக் ஒண்ணு, ஹார்ட்டு ஒண்ணு. நேர்ல வர முடியல, பையன் போட்டிருக்கான்.'

'வாலாஜா சம்பந்தி வகையறா. லைக் ஏழு. இன்னும் வரும்.'

இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. சங்கீதாவுக்குத் தலை சுற்றியது. "அத்தை, இது மொய் இல்ல அத்தை!"

"செஞ்சா திருப்பிச் செய்யணும். செஞ்சவங்க பேரு தெரியணும். அப்ப மொய்தானம்மா? ஆமா, பொன்னியம்மா இன்னும் எழுதலியே? அவ பொண்ணு கல்யாணத்துல மூணு வேளையும் பந்தி பரிமாறினவ நானு!"

திருப்பிச் செய்வது என்றால் லேசா? மாகறல் முனிசாமி தன் ஆட்டுக்குட்டியைப் படம் போட்டால் அத்தை லைக். வாலாஜா சம்பந்தி டிராக்டருக்குப் பொட்டு வைத்தால் லைக். தாமல் வீராசாமி, இறந்துபோன பெரியப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி போட்டான். பாக்கி நிற்கக் கூடாது என்ற வேகத்தில் அத்தை அதற்குச் சிரிக்கும் பொம்மையைப் போட்டுவிட்டாள்.

வீராசாமியிடமிருந்து போன் வந்தது. "அண்ணி, எங்க பெரியப்பா செத்ததுல உனக்கு இன்னா அவ்ளோ சந்தோசம்?"

"கண்ணாடி போடலப்பா! எனக்கு அது கண்ணுல தண்ணி விட்டுக்கினு அழுவுற மாதிரி தெரிஞ்சுது."

வார முடிவில் லைக் ஆயிரத்தைத் தாண்டியது. சங்கீதா ஆசை ஆசையாகக் கூகுளில் தேடினாள். ஆறாவது பக்கம். அதே துவைக்கிற கட்டுரைக்குக் கீழே.

சத்யப்ரியாவுக்குப் போன் போட்டாள். கல்லூரித் தோழி, கம்பெனிகளைத் தேடலில் மேலே கொண்டுவருவதுதான் சென்னையில் அவளுக்கு வேலை.

"லைக்கைக் கூகுள் எண்ணாதுடீ. அது வேற வீடு, இது வேற வீடு," என்றாள் சத்யப்ரியா. "ஆனா அந்த வீட்டுல சத்தம் கேட்டா நாலு பேரு 'யாருப்பா இவங்க'ன்னு கூகுளுக்கு வந்து உங்க பேரைத் தேடுவாங்க. பத்திரிகைக்காரன் எவனாச்சும் உங்களப் பத்தி எழுதி, உங்க சைட்டுக்கு லிங்க் குடுப்பான். அதைக் கூகுள் மதிக்கும். உங்களுக்கு லைக் போட்டது பூரா சொந்தக்காரங்க. அவங்களுக்குத்தான் உங்க வீடே தெரியுமே, எதுக்குத் தேடப் போறாங்க?"

சங்கீதா உடைந்துபோனாள். மாதத்தில் பாதி ஓடியாயிற்று. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், இந்தக் கருத்துகளையாவது அழித்துவிடலாம் என்று விரலை வைத்தாள்.

"தொட்ட, அவ்ளோதான்!" அத்தை சேலை மடிப்பதை விட்டுவிட்டு வந்தாள். "வாங்கின மொய்யை அழிக்கறதா? அப்புறம் ஒருத்தன் நம்மூட்டு வாசப்படி ஏறுவானா?"

விரல் பின்வாங்கியது.

அடி இரண்டு நாளில் விழுந்தது. பிரேம்நாத்தின் ஷோரூம் பக்கத்தை லட்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். அதில் அந்த மொய்ப் பட்டியலின் படம் ஏறியிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் நக்கல்: 'லைக்குக்கே மொய் வாங்குற கடையில புடவைக்கு இன்னா வாங்குவாங்களோ! எங்க கடைக்கு வாங்க. மொய் வேணாம், புடவை மட்டும் எடுத்துக்கினு போங்க.'

கடைப் பெயரை மறைக்கக்கூட இல்லை. கீழே சிரிப்புப் பொம்மைகள் நுரை தள்ளின.

காந்தா அத்தை செருப்பை மாட்டினாள். "என் சொந்தக்காரங்க பேரை ஊர் சிரிக்க வெச்சிட்டானா அவன்? இன்னைக்கு அவன் ஷோரூம் கண்ணாடி இருக்குது, இல்ல நான் இருக்குறேன்."

"அம்மா, செருப்பு கால் மாறி இருக்குது," என்றான் வேல்முருகன் தறியை விட்டு எழாமல்.

அவள் குனிந்து மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் சங்கீதாவின் போன் 'டிங்' என்றது. மறுபடி டிங். பிறகு நிற்கவே இல்லை.

'டொரண்டோ ரஞ்சித்குமார் குடும்பம். யார் வீட்டுக் கல்யாணம்னு தெரியல. இருந்தாலும் லைக் ஒண்ணு.'

'மலேசியா கிள்ளான் நாகம்மாள், பெண் வீட்டார் தரப்பு. லைக் ஒண்ணு.'

'மேடவாக்கம் லேடீஸ் ஹாஸ்டல் ரூம் நம்பர் நாலு. லைக் அஞ்சு. சாப்பாடு எப்ப போடுவீங்க?'

சங்கீதா அத்தையின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "அத்தை, எங்கயும் போவாதீங்க. இவங்க யாரும் நம்ம சொந்தம் இல்ல!"

"அப்ப ஏன் எழுதுறாங்க?"

"அதான் அத்தை விஷயமே!"

பிரேம்நாத் தெரியாத்தனமாக ஊருக்கே பத்திரிகை வைத்துவிட்டான். நகைச்சுவைப் பக்கங்கள் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடின. மறுநாள் காலை வெப்சைட்டின் கணக்கைத் திறந்தபோது சங்கீதாவுக்கு எண்ணிக்கையை நம்பக் கண்ணாடி தேவைப்பட்டது. 'லைக் மொய் கடை', 'குமரகுரு பட்டு காஞ்சிபுரம்', 'மொய் வாங்கும் புடவைக் கடை எங்கே' என்று விதவிதமாகக் கூகுளில் தேடி ஜனம் உள்ளே வந்திருந்தது. வந்த வேகத்திலேயே திரும்பிப் போயிருந்தது. போகாமல் என்ன செய்யும்? உள்ளே இருந்தது மாலை போட்ட மாமனார் படமும் ஒரு போன் நம்பரும்தான்.

"வாசல்ல கூட்டம் நிக்கிது, வூட்டுக்குள்ள ஒரு பாய்கூட விரிக்கல நாம," என்று புருஷனை உசுப்பினாள் சங்கீதா. வேல்முருகன் தறியை நிறுத்திவிட்டுப் புடவைகளை வெயில் படாத வெளிச்சத்தில் விரித்து விரித்துப் படம் எடுத்தான். எந்த நிறம் எந்த மணப்பெண்ணுக்கு எடுக்கும், முகூர்த்தப் புடவையில் கரை எவ்வளவு அகலம் இருந்தால் போட்டோவில் நிற்கும் என்று அத்தை வாயைத் திறந்து சொல்லச் சொல்ல, சங்கீதா அதை அப்படியே எழுதினாள். மொய் வந்த கதையையும் மறைக்காமல் எழுதினாள். இப்போது வந்தவர்கள் உட்கார்ந்து படித்தார்கள்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த இடி.

ஒரு பெரிய செய்தித் தளம் 'காஞ்சிபுரத்தில் லைக் மொய்' என்று அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தது. சங்கீதா ஆசையோடு லிங்க்கை அழுத்தினாள். திறந்தது பிரேம்நாத்தின் ஷோரூம்! படம் அவன் பக்கத்திலிருந்து எடுத்தது. ஆகவே லிங்க்கும் அவனுக்கே போயிருந்தது. அடுத்தடுத்து மூன்று தளங்கள் அதையே பார்த்து எழுதியிருந்தன. எழுத்துப் பிசகாமல், லிங்க்கும் பிசகாமல்.

முதல் தளத்துக்குப் போன் போட்டாள். எடுத்த உதவி ஆசிரியர் கொட்டாவி விட்டார். "ரெண்டுமே காஞ்சிபுரம் கடைதானே மேடம்? கதை வந்துடுச்சில்ல, விடுங்க."

"சார், லிங்க் மாறினா எங்களுக்கு..."

"ரொம்ப டெக்னிக்கலா பேசாதீங்க மேடம்."

போன் சங்கீதாவின் கையிலிருந்து பறந்தது.

"ஏம்ப்பா தம்பி, நான் காந்தா பேசுறேன். மாகறல் முனிசாமி எனக்கு எழுதின மொய்யை நீ அந்த பிரேமு பேருல வரவு வெச்சிருக்கிறியாமே? நாளைக்கு முனிசாமி வூட்ல விசேஷம்னா யாருப்பா திருப்பிச் செய்வாங்க? பிரேமு போவானா? நீ போவியா? உங்கூட்டுக் கல்யாணத்துல வந்த மொய்யை மண்டப ஓனரு அவன் கணக்குல எழுதிக்கினா சும்மா இருப்பியா நீ?"

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. அந்த மனிதருக்குக் கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்ததாம். மொய்ப் பணத்தைப் பற்றி மாமனாருக்கும் அவருக்கும் இன்னும் பேச்சு வார்த்தை சரியில்லையாம். அரை மணியில் லிங்க் மாறியது. மதியத்துக்குள் மற்ற மூன்றிலும் மாறியது. அத்தை பேசியதை அவர் தனியாக ஒரு செய்தியாகவே போட்டுவிட்டார், அதிலும் ஒரு லிங்க்கோடு.

சத்யப்ரியா குதித்தாள். "ஏய், உங்க அத்தைக்கு வேலை வேணுமான்னு கேளுடீ! எங்க ஆபீஸ்ல ஒரு லிங்க் மாத்தறதுக்குப் பத்து மெயில் போடுவோம்."

காந்தா அத்தைக்கு வேறு கவலை. டொரண்டோவுக்கும் கிள்ளானுக்கும் திருப்பிச் செய்தாக வேண்டுமே? முன்பின் தெரியாதவர்கள் பக்கத்துக்குப் போய், அவர்கள் போட்டிருந்த கல்யாணப் படங்களைத் தேடி எடுத்தாள். லைக்கோடு விட்டாளா? 'கிள்ளான் நாகம்மாவுக்கு காந்தா எழுதுவது. உங்க பொண்ணுக்கு இந்த மாம்பழ மஞ்சள் தூக்கலா இருக்குது. மாப்பிள்ளையும் பரவால்ல.' 'மேடவாக்கம் பொண்ணுங்களுக்கு. பச்சைப் புடவை கட்டின பொண்ணு, முந்தியைத் தரையில இழுக்காதம்மா, ஜரிகை தேயும்.' எழுதப்பட்டவர்கள் அதைப் படம் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுக் கொண்டாடினார்கள். அதைப் பார்த்தவர்கள் யார் இந்த காந்தா என்று தேடினார்கள். வெப்சைட்டுக்கு வந்தார்கள்.

கடைப் பேரைத் தேடினால் கடைதான் முதலில் வந்தது. ஆனால் பந்தயம் அதுவல்லவே? 'காஞ்சிபுரம் முகூர்த்தப் புடவை' என்று அடித்தால் நாலாவது பக்கம். பிறகு மூன்று. பிறகு இரண்டு. இரண்டில் வந்து கல்லாக நின்றுவிட்டது. சங்கீதாவுக்குச் சோறு இறங்கவில்லை. கெடு முடிவதற்கு முந்தின நாளும் இரண்டாவது பக்கம்தான்.

பிரேம்நாத் சொன்ன நாளில் வந்தான், பேனாவோடு. முகத்தில் பழைய தெளிவு இல்லை. நாற்காலியில் உட்காராமல் நின்றான்.

"பாத்துடலாமாக்கா?"

சங்கீதா போனை எடுத்தாள். காலையிலிருந்து அவள் தேடிப் பார்க்கவில்லை, தைரியம் வரவில்லை.

"உன் போன் வேணாம்மா," என்றான் பிரேம்நாத். "தெனம் அதுலயே உங்க கடையைப் பாத்துக்கினு இருப்ப. அது உன் மனசுக்குப் புடிச்சதை மேல காட்டும். என் போன்ல பாப்போம். மறைவு முறையில தேடினா யாரு பக்கமும் சாயாது."

நியாயம்தான். அவன் தன் போனில் எழுத்துகளை ஒவ்வொன்றாக அடித்தான். தறிச் சத்தம் நின்றது. வேல்முருகன் வாசல்படியில் வந்து நின்றான்.

"முதல்ல எங்க கடை," என்றான் பிரேம்நாத். நிமிர்ந்துகொண்டான். "ரெண்டாவது ஏதோ சொசைட்டி."

விரல் நகர்ந்தது.

"மூணாவது..." அவன் நின்றான். "மூணாவது நீதான் இருக்கறக்கா. செய்தியில. செருப்பு மாட்டிக்கினு நிக்கிற படம்."

"அதை எவன் எடுத்தான்?" அத்தை திரும்பிப் பார்த்தாள். வேல்முருகன் உத்தரத்தைப் பார்த்தான்.

"செய்தி கணக்குல வராது," என்றாள் சங்கீதா. அவளுக்கே தன் நேர்மை எரிச்சலாக இருந்தது. "எங்க சைட்டு வரணும். கீழ போங்கண்ணே."

நான்கு. ஐந்து. ஆறு. ஏழு. எல்லாம் பெரிய பெரிய பெயர்கள். எட்டாவது, 'பட்டுப் புடவையை வீட்டிலேயே துவைப்பது எப்படி'. சங்கீதா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கட்டுரையே இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டது, நாம் வரவில்லை.

பிரேம்நாத்தின் விரல் திரையிலேயே நின்றது.

"இன்னாப்பா பிரேமு, வாயில கொழுக்கட்டையா?"

பிரேம்நாத் போனைக் கல்லா மேல் வைத்து அத்தை பக்கம் திருப்பினான். "ஒம்பதாவது," என்றான். "குமரகுரு பட்டு."

வேல்முருகன் விசில் அடித்தான். சங்கீதா திறந்த கண்ணோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கடைசிக்கு முந்தின எடம்தானேக்கா," என்றான் பிரேம்நாத், கடைசி முயற்சியாக.

"பக்கம் முதல் பக்கம்தானேப்பா?"

"பக்கம் முதல் பக்கம்தான்." அவன் பெருமூச்சு விட்டான். பிறகு சங்கீதாவைப் பார்த்தான். "ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. நானும் மாசா மாசம் ஏஜென்சி வெச்சு ரீல் போட்டுக்கினுதான் இருக்கேன். உங்களுக்கு மட்டும் எப்படி?"

"நீங்கதாண்ணே காரணம்."

"நானா?"

"நாங்க எங்க சொந்தக்காரங்களுக்குத்தான் சொன்னோம். ஊருக்கெல்லாம் சொன்னது நீங்க. நீங்க அந்தப் படத்தைப் போடலன்னா எங்களை எவனும் தேடியிருக்க மாட்டான்."

பிரேம்நாத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என் காசுலயே உங்களுக்கு மேளம் அடிச்சிருக்கேன்!"

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஒரு பெண்ணும் அவள் அம்மாவும், சித்தி மாதிரி தெரிந்த இன்னொரு அம்மாளும் இறங்கினார்கள். ஆட்டோக்காரர் குமரகுரு பட்டு போர்டை முதன்முறையாகப் படிப்பவர் போல் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"காந்தா ஆன்ட்டி கடை இதுதானா?" என்றாள் பெண். "முகூர்த்தத்துக்கு எடுக்கணும். எனக்கு எந்தக் கலர் எடுக்கும்னு நீங்களே சொல்லணும்."

காந்தா அத்தை எழுந்தாள். கல்லா மேல் ஒரு மாதமாகக் கிடந்த காகிதத்தை எடுத்து, தூசி தட்டி, நாலாக மடித்து, பிரேம்நாத்தின் சட்டைப் பையில் அவளே வைத்தாள்.

"தப்பா நெனைக்காத பிரேமு. புடவை விரிக்க எடம் வேணும்." பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "சங்கீதா, இன்னும் இன்னா தரையில உக்காந்துக்கினு இருக்குற? அந்த மயில் கழுத்து நீலத்தைக் கொண்டா. அப்படியே பிரேமுக்கு ஒரு காபி!"